ஒழிந்த வைரஸும் ஒழியாத வைரஸும்



பாலாற்று வட்டாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைக் கேட்டதும் தோல் பதனிடும் தொழில் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டினால் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல் வயல்களையும், அவற்றில் இரை தேடும் கொக்குகளையும் காணலாம். தோலும் நெல்லும் இவ்வட்டாரத்து மக்களுக்குப் பல தலைமுறைகளாக வாழ்வளித்து வந்துள்ளன. இவ்விரண்டையும் ஒட்டி இரண்டு வைரஸ்கள் இங்கே வாழ்ந்தன. ஒன்று மாட்டைக் கொன்றது. மற்றொன்று குழந்தைகளின் மூளையைத் தாக்கியது. முன்னது இன்று உலகில் எந்த மாட்டிடமும் இல்லை. பின்னதோ இன்னும் நம் நாட்டை விட்டு நீங்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது? அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

முதலில், வைரஸ் என்பது என்ன? அது உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, தானாகப் பெருகுவதும் இல்லை. புரத உறைக்குள் பொதிந்து வைத்த ஒரு செய்தி என்றே அதனைச் சொல்லலாம். ‘என்னைப் போல் பல செய்’ என்பதே அச்செய்தியின் சாரம். ஆனால் அதை நிறைவேற்றும் கருவி எதுவும் வைரஸிடம் முழுமையாக இல்லை. ஆகவே அது வேறோர் உயிரின் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள கருவிகளைத் தன் பணிக்குத் திருப்பிக் கொள்கிறது.

எந்த உயிரணுவுக்குள்ளும் அது புகுந்துவிட முடியுமா? முடியாது. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட சில புரதங்களே அதற்குப் பூட்டு. வைரஸின் மேலுள்ள புரதம் சாவி. பூட்டும் சாவியும் பொருந்தினால்தான் கதவு திறக்கும்.

மாட்டைக் கொன்ற வைரஸை எடுத்துக் கொள்வோம். அதனால் வந்த நோயை நம் உழவர்கள் வெக்கை நோய் என்றனர். மனிதருக்குத் தட்டம்மை தரும் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களின் மேல்தான் இதற்கேற்ற பூட்டு அமைந்திருந்தது. காவலரையே முதலில் வீழ்த்தும் பகைவனைப் போல், அவ்வணுக்களின் மேலுறையோடு தன் உறையைக் கலந்து உள்ளே நுழைந்தது. இதன் ஆர்.என்.ஏ. இழை, அச்சுக்கூடத்து ஈய எழுத்தைப் போல் தலைமாறி எழுதப்பட்டது. உயிரணுவால் அதை நேராகப் படிக்க இயலாது. ஆகவே அதனை நேர்ப்படியாக எடுத்துத் தரும் நொதியையும் வைரஸ் உடன் கொண்டு வந்தது. பின்னர் உயிரணுவின் ரைபோசோம்கள் வைரஸுக்குரிய புரதங்களைச் செய்து கொடுத்தன. புதிய வைரஸ்கள் உயிரணுவின் மேலுறையில் மொட்டுப் போல் அரும்பி வெளியேறின.

மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. வாயில் புண் தோன்றியது. கழிச்சலால் உடலின் நீரெல்லாம் வற்றிப் பல மாடுகள் சில நாட்களில் மாண்டன. இதற்கு முன் இந்நோயைக் கண்டிராத மந்தைகளில் பத்துக்கு ஒன்பது மாடுகள் இறந்ததும் உண்டு. 1890களில் இந்நோய் ஆப்பிரிக்கக் கண்டத்தில் பரவிய போது, உழவு மாடின்றிப் பஞ்சம் வந்து மனிதரும் பெருந்தொகையாக மடிந்தனர். ஏரும் வண்டியும் மாட்டை நம்பியிருந்த நம் நாட்டில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, வயல்வெளியின் வைரஸைக் காண்போம். 1955ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து, காய்ச்சலும் வலிப்பும் கண்டு நினைவிழந்த குழந்தைகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குள்ள மருத்துவர்களும், 1952இல் புனாவில் நிறுவப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தனர். இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனத் தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இவ்வட்டாரத்தில்தான்.

இந்த வைரஸ் நுழையும் முறை வேறு. உயிரணுவே இதனை ஒரு சிறு பைக்குள் விழுங்கிக் கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை மிகுந்ததும், வைரஸின் மேலுள்ள புரதம் வடிவம் மாறிப் பையின் சுவரோடு இணைகிறது. செய்தி வெளியே வந்து விடுகிறது. இதன் ஆர்.என்.ஏ. சுமார் 11,000 எழுத்துக்கள் கொண்டது. அது அச்சிட்ட தாளைப் போன்றது. ரைபோசோம்கள் அதை அப்படியே படிக்கும். பத்தே புரதங்கள்தாம் அதிலிருந்து உருவாகின்றன. மூன்று வைரஸின் உடலாக அமைகின்றன. ஏழு அதனைப் பெருக்கும் வேலையைச் செய்கின்றன.

ஆனால் இந்த வைரஸின் உண்மையான வீடு மனிதன் அல்லன். நெல் வயலின் தேங்கிய நீரில் பெருகும் க்யூலெக்ஸ் இனக் கொசுவும், கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளும், பன்றிகளுமே அதன் வீடு. பறவையின் அல்லது பன்றியின் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாகப் பெருகுகிறது. அதைக் குடித்த கொசு அடுத்த விலங்குக்குக் கொண்டு சேர்க்கிறது. மனித இரத்தத்திலோ கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு அது பெருகுவதில்லை. மாட்டிடமும் அவ்வாறே. வைரஸுக்கு நாம் ஒரு முட்டுச்சந்து. தொற்றியவர்களில் பெரும்பாலோர்க்கு நோயே தெரிவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே மூளை கடுமையாகத் தாக்கப்படுகிறது. ஆனால் அவ்வாறு தாக்குண்டோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலர் வாழ்நாள் முழுதும் ஊனத்தோடு வாழ நேர்கிறது.

இப்பொழுது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெக்கை நோய் வைரஸுக்குப் பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளே புகலிடம். வெயிலிலும் காற்றிலும் அது நெடுநேரம் நிலைக்காது. பிழைத்த மாட்டின் உடலில் ஒளிந்து வாழவும் அதனால் இயலாது. பிழைத்த மாட்டை அது மீண்டும் தாக்குவதும் இல்லை. ஆக, மாட்டிலிருந்து மாட்டுக்குத் தாவிக் கொண்டே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. தாவுவதற்கு அடுத்த மாடு இல்லையெனில் அதன் கதை முடிந்தது.

அந்தச் சங்கிலியைத் தடுப்பூசி அறுத்தது. 1920களில் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் இவ்வைரஸை ஆடுகளில் திரும்பத் திரும்ப வளர்த்தார். ஆட்டின் உடலுக்குப் பழகிய வைரஸ், மாட்டைக் கொல்லும் வீரியத்தைப் பெரிதும் இழந்தது. ஆனால் காப்பாற்றும் எதிர்ப்பாற்றலைத் தந்தது. 1932இல் சீரம் நிலையமாகத் தோன்றி இன்று இராணிப்பேட்டையில் விளங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தின் தொடக்கப் பணியும் இந்நோயைச் சார்ந்ததே. 1950களில் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று ஊசி போட்ட கால்நடை ஊழியர்களின் உழைப்பு நாற்பதாண்டுகள் தொடர்ந்தது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நமது வட ஆர்க்காட்டுப் பகுதியில்! 2011ஆம் ஆண்டில் உலகமே அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது வைரஸ் நோய் இதுவே.

மூளைக்காய்ச்சல் வைரஸை இவ்வாறு ஒழிக்க முடியுமா? வானத்துக் கொக்குக்கெல்லாம் ஊசி போட இயலுமா? இயலாது. இங்கேதான் நாம் நன்றாகச் சிந்திக்க வேண்டிய உண்மை இருக்கிறது. வெக்கை நோயில், ஊரிலுள்ள மாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஊசி போட்டால், போடாத மாடும் ஓரளவு காப்பாற்றப்பட்டது. மூளைக்காய்ச்சலில் அவ்வாறன்று. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்ட ஊசி நம் வீட்டுக் குழந்தையைக் காக்காது. ஏனெனில் மனிதன் அச்சங்கிலியில் ஒரு கண்ணி அல்லன். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே காக்க வேண்டும். 2006 முதல் நம் நாட்டில் நோய் மிகுந்த மாவட்டங்களில் இத்தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஒரு வீட்டை விட்டுவிட்டாலும் அந்த வீட்டுக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது.

இன்னொரு கடமையும் மிச்சம் இருக்கிறது. வெக்கை நோய் வைரஸின் உறவான ஆட்டுக்கொல்லி நோய் வைரஸ் இன்னும் ஆடுகளை மாய்த்து வருகிறது. 2030க்குள் அதனை உலகினின்றும் ஒழிக்க வேண்டும் என்று பன்னாட்டு நிறுவனங்கள் இலக்கு வகுத்துள்ளன. ஆட்டுத்தோலைப் பதனிட்டுப் புகழ் பெற்ற இவ்வட்டாரத்துக்கு அது அயலார் செய்தி அன்று.

நண்பர்களே! வைரஸை வெல்லப் புறப்படுமுன், அது எந்த உயிரில் தங்குகிறது, எந்த வழியாகத் தாவுகிறது என்று முதலில் கேளுங்கள். அதன் விடை தெரிந்த பின்னரே, சங்கிலியை அறுக்க வேண்டுமா, குழந்தையைக் காக்க வேண்டுமா என்பது தெளிவாகும்.