தெரியாத மின்தடை, தெரியாததாகவே இருக்கட்டும்

(மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீட்டர் சமனச்சுற்றைக் கொண்டு தெரியாத மின்தடையைக் காணுதல் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. சுற்று வரைபடம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இடது இடைவெளியில் கம்பிச்சுருள், வலது இடைவெளியில் மின்தடைப்பெட்டி, நடுவில் கால்வனோமீட்டர். தொடுசாவியை 100 செ.மீ. கம்பியில் வைத்து வைத்துப் பார்க்கிறோம். முள் அசையாத இடம் சமநிலை. பெட்டியின் மின்தடையை இடப்பக்க நீளத்தால் பெருக்கி, வலப்பக்க நீளத்தால் வகுத்தால் சுருளின் மின்தடை. இதற்கு மேல் வரைபடத்தைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. இந்த ஆய்வில் நான் செய்த ஒரு தவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஆய்வகத்துச் சுருளின் மதிப்பு 2 ஓம். பழைய பதிவேடுகளைப் பார்த்து எல்லா மாணவர்களுக்கும் அது தெரியும். பெட்டியில் 2 ஓம் எடுத்தால் சமநிலை 50 செ.மீ. அருகே வர வேண்டும் என்பதும் தெரியும். ஒரு மாணவிக்கு மட்டும் 56.5 வந்தது. கணக்கிட்டால் 2.6 ஓம். "மத்தவங்களுக்கெல்லாம் 50 வருதே, நீ சரியா பாக்கல. பக்கத்துல பாத்து எழுதிக்கோ" என்றேன். அவளும் 50.1 என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை 40 பதிவேடுகள் திருத்த வேண்டியிருந்தது. அவசரம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது காரணமாகாது.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு தாளோடு வந்தாள். பெட்டியில் 1, 2, 3, 4 ஓம் வைத்து எடுத்த சமன்செய் நீளங்கள் 72.2, 56.5, 46.4, 39.4. நான்கையும் கணக்கிட்டால் நான்கிலும் 2.6 ஓம்தான். கவனக்குறைவாகப் பார்த்தவளுக்கு நான்கு முறையும் ஒரே விடை வராது. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து அவள் கேட்டதுதான் முக்கியம். "சுருளையும் பெட்டியையும் இடம் மாத்தி வெச்சேன் சார். 2 ஓமுக்கு இப்ப 1.54 வருது. நான் தப்பா பாத்திருந்தா, ஒரு தடவை கூடியும் ஒரு தடவை குறைஞ்சும் ஏன் வரணும்?"

இடம் மாற்றிச் செய்வது செய்முறையில் உள்ளதுதான். ஆனால் எங்கள் பள்ளியில் அந்த இரண்டாம் அட்டவணையை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு நிரப்பிவிடுவார்கள். எனக்கும் தெரியும், கண்டுகொண்டதில்லை. உண்மையாகவே செய்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

யோசித்துப் பாருங்கள். கோளாறு சுருளில் இருந்தால், இடம் மாற்றினாலும் 2.6 தான் வரும். மதிப்பு குறைந்தது என்றால், கூடுதல் மின்தடை சுருளோடு போகவில்லை. இடது இடைவெளியிலேயே தங்கிவிட்டது. சுருள் அங்கே இருந்தபோது அந்த 0.6 ஓம் சுருளோடு சேர்ந்து 2.6 ஆனது. பெட்டி அங்கே வந்ததும் பெட்டியோடு சேர்ந்தது. பெட்டி உண்மையில் 2.6 ஆக இருக்க, நாம் 2 என்றே கணக்கிடுகிறோம். அதனால் சுருள் 1.54 ஆகத் தெரிகிறது. இரண்டின் சராசரி 2.07. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று விட்டிருப்போம்.

இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். அவள் பயன்படுத்திய பலகையில் இடது பக்கத் திருகைக் கழற்றினால், அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கியதும் 50.2 வந்தது. பதிவேட்டில் நான் கையெழுத்திட்ட பக்கத்தை நானே அடித்துவிட்டு, அவள் எடுத்த அளவீடுகளையும் களிம்பு இருந்ததையும் எழுதச் சொன்னேன்.

ஓம் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜார்ஜ் ஓமும் பள்ளி ஆசிரியர்தான். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் வாய்ப்பாடு தவறு. அவருடைய மின்கலம் நிலையாக இல்லை. பிறகு பிஸ்மத்-தாமிர வெப்ப மின்னிரட்டைக்கு மாறி, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து மீண்டும் அளந்தார். 1826-இல் சரியான விதி கிடைத்தது. பழைய வாய்ப்பாட்டுக்கு ஏற்றபடி அவர் அளவீடுகளைத் திருத்தியிருந்தால், நமக்கு ஓம் விதி அவரிடமிருந்து வந்திருக்காது.

அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் சில மாற்றங்கள் செய்தேன். சுருள்களின் மேல் ஒட்டியிருந்த மதிப்புகளை எடுத்துவிட்டு, எண் மட்டும் இட்டேன். வெவ்வேறு நீளக் கம்பிகளில் புதிதாகச் சில சுருள்களும் சுற்றினோம். அவற்றின் மதிப்பு எனக்கே முன்கூட்டித் தெரியாது. அளவீட்டை முதலில் பேனாவால் எழுத வேண்டும், அழிப்பான் கூடாது. இடம் மாற்றிச் செய்யாமல் கையெழுத்து இல்லை. இரண்டு மதிப்புகளும் வேறுபட்டால் மதிப்பெண் குறையாது. ஏன் என்று தேடி எழுதினால் பாராட்டு.

இதனால் நேரம் கூடுதலாக ஆகிறது, மறுக்கவில்லை. ஒரே பாடவேளையில் முடிந்தது இப்போது இரண்டு ஆகிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது அது கடினம்தான். ஆனாலும் கேட்கிறேன்: விடையைத் தெரிந்துகொண்டு அளவீட்டை எழுதப் பழகிய பிள்ளை, நாளை ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்திலோ மின் துணைநிலையத்திலோ வேலைக்குப் போனால் எதை எழுதும்?

அடுத்த முறை ஒரு மாணவர் வேறு விடையோடு வந்தால், "தப்பு" என்று சொல்லும் முன், "இடம் மாத்தி வெச்சுப் பாத்தியா?" என்று கேளுங்கள். அதைத்தான் உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.