வெட்டிய ரோடு

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு தெருவுக்குப் புதுசாகத் தார் போட்டால், அன்றைக்கு அங்கே எழும் முதல் கேள்வி, "எப்ப வெட்டப் போறாங்க?" என்பதுதான். கேட்பவர்களுக்கு அனுபவம் அப்படி. மெட்ரோ வாட்டர்காரர்கள் வெட்டி மூடிவிட்டுப் போவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் இ.பி. கேபிள் வரும். பிறகு இன்டர்நெட் கம்பெனி வரும். இப்போது கேஸ் லைன் வேறு. வடசென்னையில் இதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம்.

அடுத்த முறை தெருவில் பள்ளம் வெட்டினால், மூக்கைப் பொத்திக்கொண்டாவது சற்று எட்டிப் பாருங்கள். மேலே தார், அதன்மேல் தார், அதன்மேலும் தார். சுரண்டி எடுக்காமல் போட்டுக்கொண்டே வந்ததால்தான் வீட்டு வாசல்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. தாருக்கு அடியில் ஜல்லி. அதற்குக் கீழே வரிசையாகச் செங்கல் தெரிந்தால் அங்கே மின்கேபிள் ஓடுகிறது என்று அர்த்தம். கடப்பாரை நேராகக் கேபிளில் இறங்கிவிடக் கூடாது என்று மேலே பரப்பி வைத்த செங்கல் அது. இன்னும் கீழே துரு ஏறிய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய். அதற்கும் கீழே கழிவுநீர்க் குழாய். அந்த ஆழத்துக்குப் போனால் தண்ணீர் ஊறும். கடலோர மணல் நிற்காது, சரியும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டேதான் குழாய் பதிக்க வேண்டும்.

குடிநீரில் சாக்கடை நாற்றம் வருவதன் சூட்சுமமும் அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது. குழாயில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. விடும் நேரத்தில் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியாக வெளியேதான் கசியும். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, சுற்றியுள்ள மண்ணில் என்ன ஊறியிருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். பலமுறை வெட்டி, அரைகுறையாக மூடிய தெருவில் குழாய் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

மூடுவது என்று ஒரு வேலை இருக்கிறதே, அதை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை. வெட்டி எடுத்த மண்ணை ஒரே தள்ளாகப் பள்ளத்தில் தள்ளி, மேலே ஜேசிபியை ஓட்டி அமுக்கிவிட்டால் தீர்ந்தது கதை. உண்மையில் ஒரு சாண் அளவுக்குப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த சாண் போட வேண்டும். அப்படிச் செய்யாத மண் முதல் மழைக்கே உட்காரும். அதோடு குழாயும் வளையும். ராயபுரத்தில் கண்டெய்னர் லாரிகள் போகும் ரோட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் மற்ற பகுதிகளுக்கு இல்லாத ஒரு சங்கதி நம் பகுதிக்கு உண்டு. 1969-இல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து, துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாகத்தான் மணலிக்குப் போகிறது. 30 அங்குலப் பழைய குழாய்க்குப் பதிலாக, ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்கு 42 அங்குலக் குழாய் பதித்தார்கள். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து 2010 முதல் தனிக் குழாய். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2019 முதல் மணலி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப இன்னொரு குழாய். எண்ணூர்த் துறைமுகத்தில் எல்.என்.ஜி. முனையம் வந்ததும் எரிவாயுக் குழாய். ஊருக்கு வேண்டிய அத்தனையும் நம் காலடியில்தான் போகிறது.

போகட்டும், அதில் தப்பில்லை. கசிந்தால்தான் வினை. 2013-இல் தண்டையார்பேட்டையில் சிலர் வீட்டு போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சுத் திணறி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்தக் குழாயில் என்ன வருகிறது, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று குப்பத்தில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்?

என் கட்சி இதுதான்: தோண்டுவதைக் குறை சொல்லிப் பயனில்லை. மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை 2021-இல் வந்தது, தோண்டாமலா வந்தது? அடியில் எது, எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்கிற விவரம் ஆளுக்கொரு அலுவலகத்தில் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் கோளாறு. தோண்டும் முன் மற்ற துறைகளுக்குத் தகவல் சொல்ல, 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தன் குழாயைப் பதிவு செய்த நிறுவனத்துக்குத்தான் தகவல் போகும். மேலும், அது தோண்டுகிறவருக்கான செயலி. குடியிருப்பவருக்கு என்ன இருக்கிறது?

தெருவைத் தோண்டாமலேயே குழாயைப் பார்க்கிற ஊர்களும் உண்டு. பாரிஸில் சாக்கடைச் சுரங்கத்திலேயே குடிநீர்க் குழாயையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் நடந்துபோய்ச் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் மெரினா பே பகுதியில் குடிநீர்க் குழாய், மின்கேபிள் போன்றவற்றுக்குப் பொதுச் சுரங்கம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத ராயபுரம் சந்துகளுக்கு அது ஒத்துவராது. நமக்கு அவ்வளவு செலவும் வேண்டாம். அடியில் உள்ள வேலையெல்லாம் முடிந்த பிறகு தார் என்கிற வரிசை போதும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாயிற்று. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு முதலில் 1,000 கோடி ரூபாய் என்றார்கள். 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தபோது அது 4,181 கோடி ஆனது. இவ்வளவு பணம் இந்தப் பக்கம் வரும்போது, ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் அந்த வார்டின் நிலத்தடி வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி வைக்க என்ன பெரிய செலவாகிவிடும்?

அது வரும்வரை நேயர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் பள்ளம் வெட்டினால், மூடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். குழாயும் பக்கத்து வீட்டு வாசலும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். எந்தத் துறை வேலை, எப்போது முடியும் என்று பலகை இல்லாவிட்டால் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் சொல்லுங்கள். குடிநீரில் நாற்றம் வந்தால் மெட்ரோ வாட்டருக்கு 1916. தார் போடும்வரை காத்திருக்காமல், பள்ளம் திறந்திருக்கும்போதே கூப்பிடுங்கள்.