எலும்பும் எண்ணெயும்: நம் தாய்மார் நலம் குறித்துச் சில சொற்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாது, எண்ணெயையும் எலும்பையும் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இங்கு அமர்ந்திருக்கும் பட்டதாரிகளில் பெரும்பாலோரைப் படிக்க வைத்தவை அவர்தம் அன்னையரின் கைகளும் முதுகுகளுமே. திருவரங்கத்தைச் சூழ்ந்த வயல்களில் நாற்று நட்டவர்கள், காந்தி சந்தையில் கூடை சுமந்தவர்கள், விடியுமுன் திருச்சியின் தெருக்களைக் கூட்டியவர்கள் அவர்கள். மகன் பட்டம் பெற்று வரும் வேளையில் தாய் கூன் விழுந்து நிற்கிறாள். ஒருநாள் வாசற்படியில் கால் இடறி விழுகிறாள், இடுப்பெலும்பு முறிகிறது, எழுந்து நடமாடியவள் படுத்த படுக்கையாகிறாள். வயதாகிவிட்டது என்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். இதில் வயதின் பங்கு உண்டு. ஆனால் அவள் வாழ்நாள் முழுதும் உண்ட உணவின் பங்கும், உண்ணாத உணவின் பங்கும் பெரிது என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இது வெறும் ஊகமன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் வீணா சத்ருக்னாவும் அவர்தம் குழுவினரும் வருவாய் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் 289 பேரை ஆராய்ந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். 30 முதல் 60 வயது வரையுள்ள அப்பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 29 பேருக்குத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்புப்புரை காணப்பட்டது. மற்றும் ஒரு பாதிப் பேருக்கு எலும்பு மெலிந்திருந்தது. அவர்கள் நாளொன்றுக்கு உண்ட சுண்ணாம்புச் சத்து சராசரியாக 300 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. வேண்டுவதோ 1000 மில்லிகிராம். மாதவிடாய் நின்றபின் 1200. நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 2008-இல் வெளியிட்ட ஆய்விலும், மாதவிடாய் நின்ற பெண்கள் 150 பேரில் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது.

எலும்பு ஒரு குதிர் போன்றது. பிறந்தது முதல் ஏறத்தாழ முப்பது வயது வரை அதில் சுண்ணாம்புச் சத்து நிறைகிறது. அதன்பின் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றுவதால், பெண்களின் குதிர் விரைந்து காலியாகிறது. இளமையில் நிறைந்த குதிர் முதுமை வரை தாங்கும். அரைகுறையாக நிறைந்த குதிர் தாங்காது.

இதில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் என்ன வேலை? கொழுப்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை. ஆனால் குடலிலிருந்து அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் 'டி' வேண்டும். எலும்பின் புரதம் செம்மையுற வைட்டமின் 'கே' வேண்டும். இவ்விரண்டும் கொழுப்பில் கரைபவை. உணவில் சிறிதேனும் கொழுப்பு இருந்தால்தான் குடல் இவற்றை நன்கு ஈர்க்கும். ஆகவே கீரையைத் தாளிக்க ஊற்றும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வீண் செலவன்று.

அதற்காக மிகுதியாக ஊற்றலாம் என்பதும் பிழை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2010-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டவர்களிடையே இடுப்பெலும்பு முறிவு கூடுதலாகக் காணப்பட்டது. நிறைவுறாக் கொழுப்பை உண்டவர்களிடையே எலும்பு முறிவு சற்றுக் குறைந்திருந்தது. அதே பெருந்திட்டத்தின் மற்றொரு பகுதியில், கொழுப்பைக் குறைத்து உண்ட பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. கொழுப்பை விலக்குவதும் தீர்வன்று, கூட்டுவதும் தீர்வன்று, எக்கொழுப்பு, எவ்வளவு என்பதே வினா. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றது. வனஸ்பதியில் பெருமளவு இருந்த தீய கொழுப்பை 100-க்கு 2 பங்குக்கு மேற்படாமல் 2022 முதல் அரசு கட்டுப்படுத்தியுள்ளது. எனினும் கடையில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களை நம் பிள்ளைகள் குறைத்துக்கொள்வது நலம்.

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கிறது. அஃது ஏறத்தாழ 900 கிராம். நால்வர் வாழும் இல்லத்தில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏழரை கிராம் வரும். நடுத்தர உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு 25 கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் அறிவுறுத்தியது. எனவே 'எண்ணெயைக் குறை' என்னும் அறிவுரை எல்லா இல்லங்களுக்கும் பொருந்துவதன்று. சிலர் குறைக்க வேண்டும். நம்மில் பல தாய்மாருக்குப் போதவே இல்லை.

ஏன் போதவில்லை? நாம் ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவியரிடம், முதல் நாள் இரவு வீட்டில் யார் யார் என்ன உண்டனர் என்று எழுதி வரச் சொன்னோம். தந்தைக்கு மீன், தம்பிக்கு முட்டை, தனக்குக் குழம்பு என்று எழுதிய பெண், 'அம்மா' என்ற இடத்தில் 'மிச்சம்' என்று எழுதியிருந்தாள். அவ்வொரு சொல் எம்மை உறுத்தியது. அன்றிரவு எம் இல்லத்தில் கவனித்தோம். அங்கும் கடைசியில் உண்டவர் எம் துணைவியாரே. சட்டியில் மீன் இல்லை. சாதி இழிவை எதிர்த்து மேடையில் முழங்கும் நாம், அடுப்படியில் ஓர் இழிவை வளர்த்து வருகிறோம் அல்லவா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் உண்ட உணவுகளை ஏழை உணவு, இழிந்த உணவு என்று பிறர் பழித்தனர். நாமும் நாணித் துறந்தோம். 100 கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே. கேழ்வரகில் ஏறத்தாழ 350. எள்ளில் 1200-க்கு மேல். அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் அச்சத்து மிக்கவை. கேழ்வரகைப் புளிக்க வைத்துக் கூழாக்கும்போது, அச்சத்தைத் தடுக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளோடு உண்பது சுண்ணாம்புச் சத்தை உண்பதேயாம். மத்தி மீனில் நல்ல கொழுப்பும் வைட்டமின் 'டி'யும் உண்டு. கருவாட்டை மட்டும் நன்கு அலசிச் சமைக்க வேண்டும். உப்பு மிகுந்தால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் கழியும். கூழும் கருவாடும் நாணத்தக்கவை அல்ல. அவற்றை உண்டவர்களை இழிவுபடுத்தியதே நாணத்தக்கது.

வைட்டமின் 'டி' பெரும்பாலும் வெயிலால் நம் தோலில் உண்டாவது. வயலில் உழைத்த பாட்டிமாருக்கு அது தானே கிடைத்தது. இன்று நம் பெண்கள் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் கூடங்களிலும், கடைகளிலும், அலுவலகங்களிலும் பகலெல்லாம் அடைந்திருக்கின்றனர். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே இதற்கு மிக ஏற்றது எனத் திருப்பதி ஆய்வாளர்கள் கண்டனர். உணவு இடைவேளையில் சிறிது நேரம் முகமும் கைகளும் வெயிலில் படுமாறு நடந்து வருதல் நன்று.

இளைஞர்களே! 1982 சூலை முதல் நாள், நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்னர் அவ்வுணவில் முட்டையும் சேர்ந்தது. குதிர் நிறையும் பருவத்தில் ஒரு சிறுமிக்குக் கிடைக்கும் முட்டை பெருஞ்செல்வம். அதை உண்ண வெட்கப்படும் தங்கையரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள். கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனையில் தரும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை உணவோடு உண்ணச் செய்யுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் தாருங்கள். உயரம் குறைந்த, முதுகு வளைந்த அன்னையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீடு திரும்பியதும் சட்டியிலிருந்து முதற்பங்கை எடுத்து உங்கள் தாயின் தட்டில் வையுங்கள். அவர் மறுப்பார்; நீங்கள் விடாதீர்கள். நம்மைச் சுமந்த முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும்.