பூத்த செடியின் வேருக்குக் காற்று

(தட்டாஞ்சாவடியில், பள்ளித் தோட்டப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வேளாண் துறை வளாகம் இருக்கும் தட்டாஞ்சாவடியில் நின்று செடியைப் பற்றிப் பேசச் சற்றுத் தயக்கம்தான். ஆனாலும் மருந்துக்கடைக்குப் போகாமல், வகுப்பறையிலேயே நாம் தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மார்கழி, தை மாதங்களில் பள்ளி வராந்தாவில் சாமந்தியும் ரோஜாவும் பூத்து நிற்கும். ஒரு நாள் செடி தலை தொங்கும். பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றும். மறுநாளும் வாட்டம், மறுபடியும் தண்ணீர். பிறகு யாராவது, "தொட்டியை மாத்திடலாம்" என்பார்கள். பூவும் மொட்டுமாக இருக்கும் செடியைப் பிடுங்கி மாற்றுவோம். சில நாளில் மொட்டுகள் கொட்டிவிடும். "நான் தினமும் தண்ணி ஊத்தினேனே டீச்சர்" என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கான பதில் மண்ணுக்குள் இருக்கிறது.

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் தேங்கிவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடும். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடியும் வாடுகிறது.

நம் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், தேங்காய்த்திட்டுப் பக்கம் அலையாத்திச் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். சேற்றில் காற்று இல்லாததால் வெண்கண்டல் மரம் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்களை மேலே நீட்டி வைத்திருக்கிறது. நம் ரோஜாவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு நாம்தான் வழி செய்யவேண்டும்.

வாட்டம் கண்டதும் முதல் வேலை, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது. உலர்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி வாடினால், அதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவது காற்று.

அப்போது தொட்டியை மாற்றுவது ஏன் கூடாது? நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகள் பிடுங்கும்போது அறுந்துவிடும். இலையும் பூவும் வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத நிலையில் செடி மொட்டுகளையும் பூக்களையும் உதிர்க்கும்.

வேரைக் கலைக்காமலே காற்று கொடுக்கலாம். தொட்டியின் அடித்துளையை ஒரு குச்சியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். அடியில் வைத்த தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மண் சேறாக இல்லாமல் லேசான ஈரத்தில் இருக்கும்போது, தண்டைவிட்டுத் தள்ளி, விளிம்பை ஒட்டி மெல்லிய மூங்கில் குச்சியால் ஆறேழு துளைகள் போடுங்கள். துளைகளில் பருமணலை நிரப்புங்கள். மேல்மண் காயும்வரை தண்ணீர் வேண்டாம்; செடி தேறும்வரை உரமும் வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. தொட்டி உடைந்துவிட்டால், வேரோடு சேர்ந்த மண்கட்டி சிதையாமல், இரண்டு அங்குலம் அகலம் கூடிய தொட்டிக்கு அப்படியே இறக்குங்கள். வேர் கறுத்து நாற்றமடித்தால் அழுகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுமண்ணில் வையுங்கள். இரண்டிலும் பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வைக்கவேண்டும். பூவை இழந்து செடியைக் காப்பதுதான் இங்கே கணக்கு.

மற்றபடி தொட்டி மாற்றப் பூப்பு முடியட்டும். சாமந்தியைப் பூத்து முடிந்ததும் வெட்டி, பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் கவாத்துச் செய்யும் நேரம் ஏற்றது. காகிதப்பூவுக்கு அவசரம் வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் அது நன்றாகப் பூக்கும்.

புதிய தொட்டிக்குச் செம்மண், மணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலக்கலாம். அடியில் சரளைக்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. அதை ஒரு ஸ்பாஞ்சை வைத்துப் பிள்ளைகளே சோதிக்கட்டும். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கவைத்துப் பிடித்தால் சொட்டு நின்றுவிடும்; அதையே நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் நீர் வடியும். மண்ணும் அப்படித்தான். கல்லைப் போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, தேங்கும் ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது.

உயர் வகுப்புகளுக்கு ஒரு கணக்கு. செடி நடாத ஒரு தொட்டியில் மண்கலவையை நிரப்பி, துளையை அடைத்து, மேல்மட்டம்வரை மெதுவாக நீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு துளையைத் திறந்து, வடிந்த நீரை அளவுக்குடுவையில் அளங்கள். அந்த நீர் விட்டுச்சென்ற இடம்தான் காற்றின் இடம். 3 லிட்டர் கலவையிலிருந்து 450 மில்லி வடிந்தால், காற்று 15 சதவீதம். 10 முதல் 20 சதவீதம்வரை இருந்தால் பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்குப் போதும். அறிவியலும் விழுக்காடும் ஒரே தொட்டியில் நடந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளித் தோட்டப் பதிவேட்டில் 'தண்ணீர் ஊற்றினேன்' என்ற கட்டத்துக்கு முன்னால், 'தொட்டுப் பார்த்தேன்: ஈரம் / உலர்வு' என்று ஒரு கட்டம் சேருங்கள். ஈரம் என்று எழுதிவிட்டு ஊற்றாமல் போகும் பிள்ளையையும் அன்று பாராட்டுங்கள். அதுவும் செடியைக் கவனித்திருக்கிறது.