ஞாயிறு அனுப்பும் முன்னறிவிப்பு

புங்குடுதீவைச் சேர்ந்த இறுப்பிட்டியில், நண்பகற் பொழுதிலே, தொலைநாட்டு நிலையமொன்றைச் சிற்றலையில் கேட்கும் ஒருவருக்குச் சில வேளைகளில் ஒரு விந்தை நேரும். வானத்தில் முகிலில்லை, மின்னலில்லை, வானொலிப் பெட்டியிலும் பழுதில்லை. எனினும் நிலையத்தின் குரல் சட்டென மங்கி மறைந்துவிடும். அரைமணியோ ஒருமணியோ கழிந்தபின் தானாகவே மீளும். இதனைச் செய்வது தலைக்கு மேலே காயும் ஞாயிறே.

ஞாயிற்றின் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் திரண்ட இடங்களிலே காந்தப் புலங்கள் முறுக்கேறி நிற்கின்றன. அம்முறுக்கு அவிழும்போது தேங்கியிருந்த சக்தி சில நிமிடங்களில் பீறிட்டு வெளிப்படும். இதுவே ஞாயிற்றுச் சுவாலை எனப்படுவது. அதன் எக்ஸ் கதிர்கள் 8 நிமிடம் 20 செக்கனில் புவியை அடைந்து, அயன மண்டலத்தின் அடிப்படையைச் செறிவாக்குகின்றன. மேலே சென்று தெறித்து மீளவேண்டிய சிற்றலைகள் வழியிலேயே உறிஞ்சப்படுகின்றன. எக்ஸ் கதிரை முந்திவரக்கூடிய செய்தி எதுவுமில்லை. ஆதலால் இவ்விளைவுக்கு முன்னறிவிப்பும் இல்லை. ஆனால் வேறொரு விளைவு மெல்ல வருகிறது. அதன் வரவை முன்னரே அறிவிப்பது வானொலி அலை.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு விரையும் இயந்திரப் படகை நோக்குக. நீரலைகள் விலகியோட நேரமின்றி அதன் முகப்பிலே குவிந்து, இருபுறமும் ஆப்பு வடிவில் விரிகின்றன. சுவாலையோடு வெளிவீசப்படும் வாயுத்திரளின் வேகம் செக்கனுக்கு 1,000 கிலோமீற்றரையும் கடப்பதுண்டு. ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிமுடியில் அலைகள் இயல்பாகப் பரவும் வேகத்தினும் இது மிகுதி. ஆகவே அங்கும் முகப்பிலே அழுத்தம் குவிகிறது. அதுவே அதிர்ச்சி அலை.

இவ்வலை தன் வழியிலுள்ள இலத்திரன்களை உந்திவிடுகிறது. அவை பாய்ந்து செல்லும்போது சூழவுள்ள வாயு அதிர்ந்து, வானொலி அலைகளை எழுப்புகிறது. அவற்றின் அதிர்வெண், அவ்விடத்தில் இலத்திரன்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்பதைப் பொறுத்தது. ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறக்குறைய 12 கோடி இலத்திரன்கள் இருப்பின் அதிர்வெண் 100 மெகாஹேர்ட்ஸ். செறிவு நாலிலொன்றாகக் குறைந்தால் 50 மெகாஹேர்ட்ஸ். ஞாயிற்றை விட்டு விலகுந்தோறும் செறிவு குறைவதால், அலையின் சுருதியும் இறங்கிக்கொண்டே வரும். சுருதி எத்துணை விரைவில் இறங்குகிறது என்பதிலிருந்து அதிர்ச்சி அலையின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

இவ்வுண்மை ஒருநாளில் விளங்கியதன்று. 1942 பெப்ரவரியில், போரின் நடுவே, பிரித்தானிய ராடார்களைப் பேரிரைச்சலொன்று குழப்பியது. பகைவரின் சூழ்ச்சியோ என்ற ஐயம் எழுந்தது. ஆராய்ந்த ஜே. எஸ். ஹே என்பார், இரைச்சல் வரும் திசை ஞாயிற்றோடு நகர்வதைக் கண்டார். 1947 மார்ச் 8ஆம் நாள், சிட்னிக்கு அருகே ரூபி பெய்ன்-ஸ்கொட் என்னும் அம்மையாரும் அவருடைய தோழரும், ஒரே இரைச்சல் முதலில் 200, பின்னர் 100, அதன்பின் 60 மெகாஹேர்ட்ஸில் வந்து சேர்வதைப் பதிவு செய்தனர். ஏதோவொன்று ஞாயிற்றினின்று வெளிநோக்கி விரைகிறது என அவர்கள் கொண்டனர். 1950இல் போல் வைல்ட் இவ்விரைச்சல்களை வகைப்படுத்தியபோது, நிமிடக் கணக்கில் மெல்ல இறங்கும் இதற்கு இரண்டாம் வகை எனப் பெயரிட்டார். செக்கன்களில் இறங்கிவிடுவது மூன்றாம் வகை. அது அதிர்ச்சி அலையால் அன்றி, நேரே பாயும் இலத்திரன் கற்றைகளால் எழுவது.

இத்தகைய ஆய்வு அண்டை நாட்டிலும் நடைபெறுகிறது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், இந்திய வானியற்பௌதிக நிறுவகத்தின் அலைவாங்கிகள் ஞாயிற்றின் இரைச்சலைப் பகல்தோறும் பதிந்து வருகின்றன. அங்குள்ள ஞாயிற்று வானொலிப் படமாக்கி 1997 முதல் இயங்குகிறது.

இரைச்சல் எட்டே நிமிடத்தில் வந்துவிடும். அதிர்ச்சி அலையோ 15 கோடி கிலோமீற்றரைக் கடந்து வரப் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாள் செல்லும். இந்த இடைவெளியே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். 1989 மார்ச் 13ஆம் நாள், காந்தப் புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றி இருந்தனர். அயன மண்டலம் கலங்குங்கால் செய்மதி வழியே இடமறியும் கருவிகளும் பிழைகாட்டும். இரவிலே பாக்கு நீரிணையில் அக்கருவியை நம்பிக் கரைதேடும் தீவக மீனவர்க்கு இது தொலைவான செய்தியன்று.

ஆயினும், இரைச்சல் கேட்டபோதெல்லாம் புயல் வருமென்பதில்லை. வாயுத்திரள் வேறு திசையில் போய்விடலாம். அது சுமந்துவரும் காந்தப் புலம் வடக்கு நோக்கியிருப்பின் புயல் தணிந்தே வீசும். புலத்தின் திசையை இரைச்சல் சொல்வதில்லை. அதை அறியப் புவிக்கு 15 இலட்சம் கிலோமீற்றர் முன்னே காவலிருக்கும் விண்கலங்கள் வேண்டும். 2023 செப்டெம்பர் 2ஆம் நாள் சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 அத்தகையது. ஆனால் அங்கிருந்து கிடைக்கும் அவகாசம் ஒருமணிக்கும் குறைவே. மின்னிலையத்தாரும் செய்மதிகளை இயக்குவோரும் ஆயத்தமாவதற்கு அதனினும் நீண்ட பொழுது வேண்டும். அப்பொழுதைத் தருவது, பெட்டியில் வெறும் இரைச்சலாக ஒலித்து மறையும் அந்த அலையே.