பாட்டெழுதப் பழகுவோர்க்கு



வெண்பாவை வழுவின்றி யாப்போர் இன்றும் உளர். அவருட் பலர், தம் பாட்டைப் பாடகர் பாடக் கேட்டதும் திகைக்கின்றனர். ஏட்டில் இல்லாத பிழை நாவிற் பிறக்கிறது! மெட்டு நீளும் இடத்தில் குறில் நின்றால், பாடகர் அதை நெடிலாக்கியே தீர்வார். 'மலை' 'மாலை' ஆகும், 'விடு' 'வீடு' ஆகும். யாப்பு நூலைக் கற்றுமட்டும் இதனை அறிய இயலாது. வாய்விட்டுப் பாடியே அறிதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை இரெட்டியார், கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்போரின் ஆட்டநடைக்கே சொல்லடுக்கிச் சிந்து பாடினார். புலமை தெருவுக்கு வந்தது, தாழவில்லை.

பழகுவோர் தாலாட்டு மெட்டொன்றை எடுத்துக்கொள்க. முதலில் 'தன்னானே' என்றே பாடி, நெடில் விழும் இடங்களைக் குறிக்க, பின்னரே சொல்லிடுக. அதே மெட்டில் உழவையும் பாடுக, அங்கதமும் பாடுக. ஐந்து எழுதி நான்கைக் கிழித்தெறிந்தாலும் இழப்பில்லை.

சொல் கிட்டவில்லையென்று வடசொல்லைச் செருகுவது வெறுஞ் சோம்பல். 'சந்தோசம்' நிற்கும் இடத்தில் 'கொண்டாட்டம்' அமர்கிறதே! அசையும் அதே, நெடில் நிற்கும் இடமும் அதே. மெட்டு சுருங்கினால் 'இன்பம்' உண்டு. குறிலிணையில் தொடங்கினால் 'உவகை' உண்டு. மெட்டின்மேற் பழிபோடுவோர் தேடாதவர்.

எழுதியவர் தாமே பாடிப்பார்த்தல் போதாது. தம் பாட்டுக்குத் தம் செவி ஓரஞ்சாயும். நடவுப்பாட்டுப் பாடிய மூதாட்டி ஒருவர்க்குப் பாடிக்காட்டி, திருப்பிப் பாடச் சொல்லுக. அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எச்சொல்லைத் தாமே மாற்றிப் பாடுகிறார் என்று பார்த்துத் திருத்துக.