தாமிரபரணிக் கரையில் ஒரு குடுமி வழக்கு

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு பேசப்படும் போதெல்லாம் பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் விரிவாக எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிறிஸ்தவ ஆண்களின் தலைமுடியைப் பற்றி எழுந்த பூசல் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. குடுமி என்பது முன்தலையை மழித்து, பின்தலையில் நீள வளர்த்த முடியை முடிந்துகொள்ளும் முறையாகும். மிஷனெரிகளில் ஒரு சாரார் அதைப் பழைய சமயத்தின் அடையாளமாகக் கருதி, சபையில் போதிக்கும் உபதேசியாரும் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியரும் அதை அறுத்தெறிய வேண்டும் என்று வற்புறுத்தினர். குடுமி போன இடத்தில் வந்தது கிராப்பு, அதாவது தலை முழுவதும் முடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொள்ளும் ஐரோப்பிய முறை. ஞானஸ்நானத்திற்குத் தண்ணீர் போதும் என்று வேதம் சொல்லியிருக்க, இங்கே கத்தரிக்கோலும் வேண்டியதாயிற்று.

இந்தப் பூசலில் மறுபக்கம் நின்றவர் இராபர்ட் கால்டுவெல். 1841 முதல் இடையன்குடியில் மிஷனெரியாகப் பணியாற்றியவரும், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவருமான அவர், 1867இல் குடுமியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அது 1875இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழிலும் இடம்பெற்றது. குடுமி சமயச் சின்னம் அன்று, அது நாட்டு வழக்கம் மட்டுமே என்பது அவர் கொண்ட முடிவு. பழந்தமிழர் தலைமுடி முழுவதையும் வளர்த்து முடிந்துகொண்டவர்கள் என்றும், முன்தலையை மழிக்கும் பழக்கம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்றும் அவர் வரலாற்று நோக்கில் வாதிட்டார். சமயச் சண்டை ஒன்றை மொழியியலாளர் ஒருவர் வரலாற்று ஆராய்ச்சியாக மாற்றிவிட்ட இச்செயல் வியப்புக்குரியதுதான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று ஒரு பாண்டியன் பெயரிலேயே குடுமியைச் சூடியிருந்த நாட்டில் அந்த ஆராய்ச்சிக்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதும் இல்லை. வேள்விச்சாலைகள் பல கண்டவனாகப் போற்றப்பட்ட அம்மன்னனை வைத்தே எதிர்க்கட்சியினரும் குடுமிக்கும் வேள்விக்கும் முடிச்சுப் போட்டிருக்கலாம் என்பது வேறு செய்தி.

இவ்வழக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருமுறை தீர்க்கப்பட்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, கிறிஸ்தவரான உயர்குலத்தார் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை என்று வாதிட்டபோது, கோவா முதல் உரோமை வரை கண்டனங்கள் எழுந்தன. இறுதியில் 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கை கலவாத வரையில் இவை குடிமை அடையாளங்களாக நீடிக்கலாம் என்று அனுமதித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் வாழ்ந்த நஸ்ரானிகள், அதாவது தோமாவழிக் கிறிஸ்தவர்கள், அதற்கும் நெடுநாள் முன்பிருந்தே குடுமி வைத்திருந்தனர். அதில் சிறு சிலுவையைச் செருகிக்கொள்வதும் அவர்களிடையே உண்டு. திருத்தந்தையின் ஆணையைப் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் முன்னுதாரணமாகக் கொள்ள மாட்டார்கள் என்பது இயல்பே. மலைக்கு மறுபுறம் சிலுவை செருகிய குடுமியையாவது அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

குடுமியை எதிர்ப்போர் எவரும் கையில் எடுக்கக்கூடிய வேதப்பகுதி, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம். ஆண் முடியை நீள வளர்ப்பது அவனுக்கு இழிவு என்றும், பெண்ணுக்கு அது மகிமை என்றும் இயற்கையே போதிக்கிறது என்பது அங்கே பவுலின் வாதம். ஆனால் நாவிதரின் கத்தி படாமல் விட்டால் ஆணின் முடியும் பெண்ணின் முடியைப் போலவே வளர்கிறது. ஆகவே பவுல் இயற்கை என்று சுட்டுவது கிரேக்க, உரோமானிய நகரங்களின் ஆடவர் முடியைக் குட்டையாக வைத்திருந்த வழக்கத்தையே என்று கொள்வதுதான் பொருந்தும். அதே பவுல், கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவில் ஒரு பொருத்தனைக்காகத் தலையைச் சவரம் செய்துகொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மொட்டை போட்டுக்கொள்ளும் இன்றைய கத்தோலிக்கருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. எண்ணாகமம் 6ஆம் அதிகாரமோ, குறித்த காலத்திற்குக் கடவுளுக்கென்று தன்னை ஒதுக்கிக்கொள்ளும் நசரேய விரதத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், அவ்விரதம் பூண்ட ஆணின் தலையில் சவரகத்தி படவே கூடாது என்கிறது. ஒரே வேதத்தில் வளர்த்த முடியும் மழித்த தலையும் பக்தியின் வடிவங்களாக நிற்கையில், கிராப்பு ஒன்றையே கிறிஸ்தவத் தலையாக்குவதற்கு வேத ஆதாரம் தேடுவது வீண்வேலை.

பெண்களின் கூந்தல் இப்பூசலில் சிக்காமல் தப்பியது. பவுல் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கமும் அங்கே தற்செயலாக ஒத்துப்போயின. நீண்ட கூந்தலும், ஆராதனையில் சேலைத் தலைப்பால் இடும் முக்காடும் எவருக்கும் உறுத்தவில்லை. இதிலிருந்து வெளிப்படுவது ஒன்று: சபை எதிர்த்தது தனக்குப் பழக்கமில்லாததை, ஏற்றது தனக்கு முன்பே பழகியதை. அமெரிக்காவில் 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் தொடங்கிய விடுதிப் பள்ளியில் பூர்வகுடிச் சிறுவர்களின் நீள்முடி வந்தவுடனே வெட்டப்பட்டதும் இதே மனப்பாங்கின் கொடிய வடிவம். திருநெல்வேலிக்கு அண்டை நாடாயிருந்த திருவிதாங்கூரிலோ, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக மிஷனெரிகள் குரல் கொடுத்து, 1859இல் அரசாணையும் வந்திருந்தது. அங்கே உடல் யாருக்குரியதோ அவர் பக்கம் நின்ற சபை, எட்டே ஆண்டுகளில் இங்கே முடி யாருக்குரியதோ அவரைக் கேளாமல் விவாதித்துக்கொண்டிருந்தது. கால்டுவெல்லின் நூலுக்கும் இக்குறை உண்டு. குடுமி தீங்கற்றது என்று அவர் நிறுவினார். தீங்கற்றதா என்று தீர்ப்பளிக்கும் இருக்கையில் அயல்நாட்டு அறிஞரே அமர்ந்திருப்பதை அவர் கேள்வி கேட்கவில்லை.

முடியைப் பேணுவதைப் பற்றியும் வேதம் மௌனமாக இல்லை. உபவாசம் இருப்பவர் தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவ வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கற்பிக்கிறார். விருந்துக்கு அழைத்த பரிசேயனான சீமோன் தம் தலையில் எண்ணெய் பூசவில்லை என்று லூக்கா 7ஆம் அதிகாரத்தில் குறைகூறவும் செய்கிறார். தலைத் தீபாவளிக்கு வரும் மருமகனுக்கு எண்ணெய் வைத்துவிடும் ஊரில் இக்குறையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. அவ்விருந்திலேயே, அழைக்கப்படாமல் வந்து, தன் கூந்தலால் அவர் பாதங்களைத் துடைத்த பெண்ணைப் பார்த்துச் சீமோன் முகஞ்சுளித்தான். இயேசு அவளை மெச்சினார்.

எண்ணெயின் தேவை எல்லா முடிக்கும் ஒன்றன்று. சுருட்டை முடியின் வளைவுகளில் தலைத்தோலின் இயற்கை எண்ணெய் நுனிவரை இறங்குவதில்லை; ஆகவே அது எளிதில் வறண்டு சிலும்புகிறது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்து ஊறவிட்டு, நுரைக்கும் தன்மையுள்ள சபோனின் என்னும் பொருள் அடங்கிய சீயக்காயால் அலசும் பழைய முறை, இக்குறைக்குத் தகுந்த மருந்து. அழகு நிலையங்கள் விற்கும் நேராக்கும் சிகிச்சையோ, முடியின் புரதமான கெரட்டினைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை வேதிப்பொருளால் உடைத்து வேறு வடிவில் பூட்டுவது. வேறு சில மென்மையாக்கும் கலவைகள் சூடேறும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுவதும் உண்டு. பெண் பார்க்க வருபவர் சுருட்டை முடியைக் குறையாகச் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி இதற்குப் பணம் கட்டும் பெற்றோர், தலைமயிர் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டிருக்கிறது என்னும் வசனத்தைச் சுவரில் மாட்டியிருப்பவர்களாகவும் இருக்கலாம். படைத்தவர் எண்ணி வைத்ததைச் சிதைக்கும்படி மகளுக்குச் சொல்வதைவிட, பெண் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது வேதத்துக்கு நெருக்கமானது.

கூந்தலில் பூ வைப்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. தோவாளைச் சந்தையின் பிச்சிப்பூவைக் கத்தோலிக்கப் பெண்கள் தயக்கமின்றிச் சூடுகின்றனர்; பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பூவும் நகையும் விலக்கப்பட்டவை. பேதுருவின் நிருபம் முடி பின்னுவதையும் பொன்னணிவதையும் பற்றி எச்சரிப்பது உண்மை. ஆடம்பரத்தைக் கண்டித்த அந்த எச்சரிக்கைக்குள் ஒரு முழம் பிச்சிப்பூவையும் அடக்குவது மிகை.

திருநெல்வேலி வட்டாரத்துச் சபைகளில் இன்று ஓர் இளைஞர் முடியைத் தோள்வரை வளர்த்து ஆராதனைக்கு வந்தால், அது மேல்நாட்டு மோகம் என்றும் கிறிஸ்தவனுக்கு ஆகாதது என்றும் மூப்பர்கள் கடிந்துகொள்கின்றனர். சான்றாகக் காட்டுவது கொரிந்தியர் நிருபத்தின் அதே 11ஆம் அதிகாரத்தை. அவர்களுடைய கொள்ளுப்பாட்டனார்களுள் குடுமியோடு திருவிருந்து பெற்றவர்கள் இருந்திருப்பர். அவர்களுக்காகப் பரிந்து எழுதிய கால்டுவெல் இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அன்று மேல்நாட்டு மோகம் என்று பெயர் பெறத் தகுந்தது கிராப்புதான்.